சூடு திருடுபோன வழக்கு

முன்னொரு காலத்தில், கூப்பிடு தூரத்துக்கு ஒரு ராஜா என்று ராஜாக்கள் மலிந்து கிடந்த காலத்தில், ஒரு நாட்டைக் கோதண்டபூபதி என்பவர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர். கோபம் வந்தால் சீக்கிரம் தணிந்துவிடும், சிரிப்பு வந்தால் சீக்கிரம் அடங்காது. ஒரே ஒரு குறை, பால்குடி மறந்த வயதிலேயே பட்டம் கட்டிவிட்டதால் அவர் தம் நாட்டைப் பார்த்ததே இல்லை.

நாட்டை ஆள்கிறவர் நாட்டைப் பார்க்காமல் எப்படி இருப்பார் என்று கேட்பீர்கள். அவர் எந்தத் தெருவுக்குப் புறப்பட்டாலும் அவருக்கு முன்னால் ஆட்கள் ஓடுவார்கள். தண்ணீர் தெளித்து, வாழைமரம் நட்டு, தோரணம் கட்டி, மெலிந்தவனைக் கொல்லைப்புறம் தள்ளி, கொழுத்தவனை வாசலில் நிறுத்திவிடுவார்கள். அதன்பிறகுதான் பல்லக்கு வரும். தம் குடிகளின் வீட்டு வாசலில் எந்நாளும் குலை தள்ளிய வாழைமரம் நிற்கும் என்றே மன்னர் நம்பிக்கொண்டிருந்தார். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

அவருடைய சாப்பாடும் இதே கதைதான். மடைப்பள்ளியில் சோறு வெந்ததும் மடைப்பள்ளி அதிகாரி வந்து மூடியைத் திறந்து பார்ப்பார். பிறகு, விஷம் இருக்கிறதா என்று ருசிபார்க்கும் ஆள் ஒரு கவளம் உண்பார். அந்த ஆள் பிழைத்திருக்கிறாரா என்று தெரிய வேண்டாமா? அரண்மனை வைத்தியர் அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருப்பார். அப்புறம் ராஜகுரு மந்திரம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். பிரதானி மூடிக்கு முத்திரை வைப்பார். கடைசியில் கட்டியக்காரன் தடியைத் தட்டி, "மலைநாட்டு மிளகை வென்று, கடல்நாட்டு உப்பை அடக்கிய ரசம் எழுந்தருளுகிறது, பராக்! பராக்!" என்று முழங்குவான். இத்தனையும் முடிந்து தட்டு மன்னர் முன்னால் வரும்போது நெய் மெழுகாக உறைந்திருக்கும். சோறு என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று மன்னர் நினைத்துக்கொண்டு உண்டுவிட்டு எழுந்திருப்பார்.

அந்த அரண்மனையில் பிச்சாண்டி என்று ஒரு விகடகவி இருந்தார். கூர்மையான நாக்கு. ஆனால் அந்த நாக்குக்கு ஒரு கட்டு போட்டிருந்தார்கள். விகடன் சிரிக்க வைக்கலாம், அரச காரியம் மட்டும் பேசக்கூடாது. பேசினால் நாக்கை அறுத்துவிடலாம் என்று பிரதானி வல்லபராயர் சட்டமே எழுதி வைத்திருந்தார். மன்னர் பிச்சாண்டியின் பேச்சைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரிக்கும்போதெல்லாம் வல்லபராயருக்கும் ராஜகுருவுக்கும் வயிறு எரியும்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் பிச்சாண்டியின் மைத்துனன் மாயழகு, கால் எல்லாம் சேறாக வந்து நின்றான். அவனுக்கு ஊர் கீழைநல்லூர். ஊருக்கு மேலே பெரியேரி.

"மச்சான், ஏரிக்கரை அடியில ஓட்டை விழுந்துருச்சு. நாளுக்கு நாள் பெருசாவுது. கரை வேலை பாக்குற ஆளுங்களை எல்லாம் ராஜா பிறந்தநாளுக்கு அலங்கார வளைவு கட்டணும்னு தலைநகருக்கு ஓட்டிட்டு வந்துட்டாங்க. மழைக்கு முன்னாடி அடைக்கலேன்னா ஊரே போயிடும். ராஜா காதுல போடுங்க மச்சான்."

"நான் போட்டா நாக்கு போயிடும்டா. முறைப்படி போய்ச் சொல்லிப் பாரு" என்றார் பிச்சாண்டி.

மாயழகு முறைப்படிதான் போனான். அரண்மனை வாசலில் இருந்த சிறிய அதிகாரியிடம், "கரை உடையப் போகுதுங்க" என்றான். சிறிய அதிகாரி பெரிய அதிகாரியிடம் போனார். உடையும் என்று எப்படிச் சொல்வது? "கரையில் ஏதோ கசிவாம்" என்றார். பெரிய அதிகாரி வல்லபராயரிடம் போய், "கரையோரம் ஈரமாக இருக்கிறதாம்" என்றார். வல்லபராயர், மன்னரின் பிறந்தநாள் நெருங்கும்போது ஈரம் எதற்கு என்று நினைத்து, "பெரியேரிக் கரை குளிர்ந்து செழித்திருக்கிறது" என்று கட்டியக்காரனிடம் சொல்லி அனுப்பினார். கட்டியக்காரன் சபையில் தடியைத் தட்டினான்.

"மன்னர் மன்னா! தங்கள் புகழைக் கேட்டுப் பெரியேரியும் ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறதாம், பராக்! பராக்!"

மன்னர் மனம் உருகிப்போய்க் கழுத்தில் இருந்த முத்துமாலையைக் கழற்றிக் கட்டியக்காரனுக்குப் போட்டார். சபை கைதட்டியது. பிச்சாண்டி தம் நாக்கைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்குத்தான் அவருக்கு முதல்முறையாகத் தம் பிழைப்பின்மேல் வெறுப்பு வந்தது.

வீட்டுக்கு வந்தால் மனைவி செங்கமலம் விடவில்லை. "எங்க ஊரு தண்ணியில போயிட்டிருக்கு. நீங்க அங்க கோமாளித்தனம் பண்ணிட்டு வர்றீங்க" என்று தட்டை ணங்கென்று வைத்தாள். நியாயமான கோபம். பிச்சாண்டி குனிந்து சாப்பிட்டார்.

அடுத்த சில நாளில் மன்னருக்கு ஒரு புது ஆசை பிறந்தது. உலகத்தில் எத்தனையோ அரசர்கள் இருந்திருக்கிறார்கள், அவர்களில் நல்ல அரசன் யார், எதனால் அவன் நல்லவன் என்று தெரிந்தாக வேண்டும்! நாலா திசையிலிருந்தும் பண்டிதர்களை வரவழைத்தார். "தாங்கள்தான் அந்த நல்ல அரசர்" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. மனிதர்தானே!

ஒரு பண்டிதர் எழுந்தார். "அரசன் என்றால் அச்சம். அவன் பெயரைச் சொன்னால் எதிரி மட்டுமல்ல, குடிகளும் நடுங்க வேண்டும். பயம் போனால் பட்டம் போயிற்று."

இன்னொருவர் அவரை மறுத்தார். "பயந்தவன் சமயம் பார்த்துக் கழுத்தை அறுப்பான். அரசனுக்கு வேண்டியது அன்பு."

கடல் கடந்து வந்த ஒருவர், "எல்லாம் கற்ற ஞானி ஒருவனை அரியணையில் உட்கார வைக்க வேண்டும். இல்லையேல் அரியணையில் இருப்பவனை உட்கார வைத்துப் படிக்கச் செய்ய வேண்டும்" என்றார். ஏடு எடுத்தாலே தூங்கிவிடும் மன்னர் ஆசனத்தில் சங்கடமாக நெளிந்தார்.

"அரசன் பெரியவனல்லன், சட்டமே பெரியது. அரசன் அதற்கு முதல் வேலைக்காரன்" என்றார் நீதிநூல் படித்த ஒருவர். வடக்கே பனிமலைக்கு அப்பாலிருந்து வந்தவர், குடிகளின் வயிறு நிறைந்திருந்தால் கோட்டைக்கு மதிலே வேண்டாம் என்றார். கடைசியாக எழுந்த ஒல்லியான பண்டிதர் ஒருவர், "ராஜாவே எதற்கு? ஊரார் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுக்கட்டுமே!" என்றார். கட்டியக்காரன் கையிலிருந்த தடி நழுவிக் கீழே விழுந்தது. நல்லவேளை, மன்னருக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்துவிட்டது.

பேச்சு வளர்ந்தது. அன்பும் அச்சமும் குடுமியைப் பிடித்துக்கொள்ளும் நிலைக்கு வந்தன. அந்த நேரம் பார்த்துப் பிச்சாண்டி சபை அதிர ஒரு கொட்டாவி விட்டார்.

"பிச்சாண்டி! இவ்வளவு பெரிய விஷயம் பேசும்போது கொட்டாவியா?" என்றார் மன்னர்.

"மன்னிக்க வேண்டும் பிரபு. பசி வந்தால் எனக்குக் கொட்டாவி வரும். இங்கே எல்லோரும் சமையலைப் பற்றியே பேசுகிறார்கள், ஒருவரும் பரிமாறக் காணோம்."

மன்னர் சிரித்தார். "சரி, நீயே பரிமாறு. ஒரு நல்ல அரசனை நல்லவன் ஆக்குவது எது? நீ வாயால் சொல்லக்கூடாது. சொல்லிச் சொல்லி என் காது நிறைந்துவிட்டது. ஒரு தட்டில் வைத்து என் முன்னால் கொண்டு வா. நான் அதை ருசி பார்க்க வேண்டும். இதுவரை நான் ருசித்த எதுவாகவும் அது இருக்கக் கூடாது."

வல்லபராயருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தட்டில் வைத்து உண்ணக்கூடிய நல்லாட்சி எந்தச் சந்தையில் கிடைக்கும்? உடனே எழுந்து கைகூப்பினார்.

"பிரபு, அருமையான ஆணை. ஆனால் வெளியிலிருந்து வரும் தட்டு அரண்மனை முறைப்படி எல்லோர் கையையும் கடந்துதான் வர வேண்டும். மேலும் விகடகவி தோற்றால் மன்னரை ஏமாற்றிய குற்றம் ஆகிவிடுமே! அவரையும் அவர் குடும்பத்தையும் கழுதைமேல் ஏற்றி எல்லைக்கு அப்பால் விடுவதுதான் முறை."

"சம்மதமா பிச்சாண்டி?"

"முழுச் சம்மதம் பிரபு. பிரதானி சொன்ன முறையில் ஒன்றைக்கூடக் குறைக்காமல் எல்லோர் கையையும் தட்டு கடந்து வர வேண்டும் என்று நானும் கேட்டுக்கொள்கிறேன்."

வீட்டில் செங்கமலம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "எங்க ஊரைக் காப்பாத்தச் சொன்னா, இருக்கிற வீட்டையும் பணயம் வெச்சுட்டு வந்திருக்கீங்களே!"

"ரெண்டையும் சேத்து மீட்கலாம்னு ஒரு ஆசை" என்றார் பிச்சாண்டி. "நாளைக்குக் காலையில அரண்மனை வாசல்ல மூணு கல்லைக் கூட்டி ஒரு பானை சோறு வடிக்கணும். உன்னால முடியுமா?"

"சோறா? வெறும் சோறா?"

"வெறும் சோறுதான். நல்லாக் கொதிக்கணும்."

மறுநாள் அரண்மனை வாசலில் அடுப்பு எரிந்தது. சோற்றைப் பானையிலிருந்து எடுத்து ஆவி பறக்கப் பறக்க வெள்ளித் தட்டில் கொட்டி, மூடி போட்டு, அப்படியே வாயில் காப்போன் கையில் கொடுத்தார் பிச்சாண்டி. அவன் "ஆ!" என்று அலறிக்கொண்டு மேல்துணியைச் சுற்றிப் பிடித்து உள்ளே ஓடினான்.

மடைப்பள்ளி அதிகாரி மூடியைத் திறந்தார். வெறும் சோறு! நம்ப முடியாமல் கிண்டிக் கிளறிப் பார்த்தார். ருசிபார்ப்பவர் ஒரு கவளம் உண்டார். வைத்தியர் நாடியைப் பிடித்தார். பிச்சாண்டி ஏதாவது தந்திரம் செய்திருப்பார் என்ற பயத்தில் இடக்கை நாடியையும் பிடித்துப் பார்த்தார். ராஜகுரு தமக்குத் தெரிந்த மந்திரம் அத்தனையும் சொன்னார், மறந்துபோனவற்றை ஏட்டைப் பார்த்துச் சொன்னார். வல்லபராயர் வேண்டுமென்றே நிதானமாக மெழுகை உருக்கி முத்திரை வைத்தார். பாவம், பிச்சாண்டியின் தோல்வியை எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் ரசிக்க நினைத்தார்கள்.

தட்டு சபைக்கு வந்தது. மன்னர் ஆவலோடு மூடியைத் திறந்து ஒரு வாய் உண்டார். முகம் தொங்கிப்போயிற்று.

"பிச்சாண்டி, இது சோறு."

"ஆமாம் பிரபு."

"தினமும் நான் உண்பது. அதே சில்லிட்ட சோறு."

"கழுதை வாசலில் தயாராக நிற்கிறது பிரபு" என்றார் வல்லபராயர்.

பிச்சாண்டி தட்டுக்கு அருகில் போனார். ஒரு விரலால் சோற்றைத் தொட்டார். அடுத்த கணம் மார்பில் அடித்துக்கொண்டு கூச்சலிட்டார்.

"திருட்டு! பிரபு, திருட்டு! நான் தட்டில் வைத்து அனுப்பியதைக் காணோம்! தங்கள் அரண்மனைக்குள்ளேயே, தங்கள் ஆட்கள் கையிலேயே திருடு போய்விட்டது! எனக்கு நீதி வேண்டும்!"

சபையில் சலசலப்பு. மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "திருடு போனது எது?"

"பிரபு, கண்ணால் பார்த்தால் தெரியாது, தொட்டால் தெரியும். தங்கள் நாட்டில் கூலிக்காரன் வீட்டிலும் தினமும் அது உண்டு. தங்கள் தட்டில் மட்டும் இருந்ததில்லை. நான் அதை வைத்து அனுப்பியதற்கு வாயில் காப்போன் சாட்சி."

வாயில் காப்போன் வந்து விரலை நீட்டினான். விரல் சிவந்து கொப்பளித்திருந்தது. "சாமி, என் கையில வாங்கும்போது நெருப்பாச் சுட்டுச்சுங்க."

"கேட்டீர்களா பிரபு! நான் வைத்தது சூடு. இந்தத் தட்டில் இப்போது அது இல்லை. வாசலுக்கும் இந்த ஆசனத்துக்கும் நடுவில் எடுத்தவர் யார் என்று விசாரிக்க வேண்டும்."

மன்னருக்கு உதட்டோரம் சிரிப்பு துடித்தது. ஆனாலும் வழக்கு வழக்குதான். மடைப்பள்ளி அதிகாரியை அழைத்தார்.

"நான் எடுக்கவில்லை பிரபு. கொஞ்ச நேரம் வைத்திருந்தேன், அவ்வளவுதான்."

ருசிபார்ப்பவரும் கொஞ்ச நேரம்தான் வைத்திருந்தாராம். வைத்தியரும் அப்படியே. "நான் மந்திரம் மட்டுமே சொன்னேன்" என்றார் ராஜகுரு. வல்லபராயர், மெழுகு உருகத் தாமதமாகிவிட்டது என்று முனகினார்.

மன்னர் வெடித்துச் சிரித்தார். "ஆக, ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு, ஒருவரும் எடுக்கவில்லை என்கிறீர்கள்!"

சிரித்து முடித்தபின் மன்னர் தட்டையே பார்த்தபடி இருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "பிச்சாண்டி, சூடான சோறு எப்படி இருக்கும்?"

ஆயிரம் யானை கட்டி ஆளுகிற ராஜா கேட்கிற கேள்வியா இது! சொல்லும்போது எனக்கே பாவமாக இருக்கிறது. பிச்சாண்டி தட்டை மெல்ல ஒதுக்கி வைத்தார்.

"அதைச் சொல்ல முடியாது பிரபு. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உண்ண வேண்டும்."

"அப்படியானால் மடைப்பள்ளிக்கு நட."

ராஜகுரு பதறி எழுந்தார். "பிரபு! அரசர் மடைப்பள்ளிக்குள் காலடி வைத்தால் தோஷம். தங்கள் வம்சத்தில் ஒருவரும் வைத்ததில்லை."

"குரு சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று பிச்சாண்டி பணிவாகத் தலையாட்டினார். "அரண்மனை அடுப்பு ஆகாதென்றால் வெளியில் ஓர் அடுப்பைத் தேட வேண்டியதுதான். கீழைநல்லூரில் என் மைத்துனன் மனைவி நன்றாகச் சமைப்பாள். இப்போது குதிரை ஏறினால் மதியச் சோற்றுக்குப் போய்விடலாம்."

வல்லபராயரின் முகம் வெளுத்தது. "பிரபு, ஒரு நாள் பொறுக்க வேண்டும். வழியெல்லாம் தோரணம் கட்ட ஆள் அனுப்புகிறேன்."

"வேண்டாம். நீர் தோரணம் கட்டி முடிப்பதற்குள் அந்தச் சோறும் ஆறிவிடும்" என்றார் மன்னர். கிரீடத்தைக் கழற்றி ஆசனத்தின்மேல் வைத்துவிட்டு விறுவிறு என்று நடந்தார்.

பதில் தேடி மறுபடி தலைநகருக்கு வந்திருந்த மாயழகு வழிகாட்ட, குதிரைகள் பறந்தன. வல்லபராயரும் ராஜகுருவும் பின்னால் ஒரு மாட்டுவண்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி வந்தார்கள். வழியில் எந்த வாசலிலும் வாழைமரம் இல்லாததைப் பார்த்து மன்னர், "இவர்கள் வீட்டு வாழையை எல்லாம் யார் வெட்டினார்கள்?" என்று கேட்டார். பிச்சாண்டி, "மெதுவாகத் தெரியும் பிரபு" என்று மட்டும் சொன்னார்.

பெரியேரிக் கரைமேல் ஊரே கூடியிருந்தது. ஆணும் பெண்ணும் கூடையில் மண் சுமந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாவல் மரத்தடியில் பெரிய பானையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்படியில் இருந்தவள் மாயழகின் மனைவி வெள்ளையம்மா. யானையும் எக்காளமும் இல்லாமல் ராஜா வருவார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"வாங்கண்ணே. கூட யாரு?"

"பசிச்ச மனுசன் தாயி."

"அப்ப உக்காரச் சொல்லுங்க. கையைக் கழுவிட்டு உக்காருங்க."

தாமரை இலையில் சோற்றைக் கொட்டி, கீரைக் கடைசலை ஊற்றினாள். ஆவி மன்னர் முகத்தில் அடித்தது. அவர் அரண்மனை வழக்கப்படி ஒரு பெரிய கவளத்தை எடுத்து நேராக வாயில் போட்டார். அடுத்த நொடி துள்ளி எழுந்து, வாயைத் திறந்து மூடி, கையை உதறி, குதிக்க ஆரம்பித்தார்.

"அட, ஊதித் தின்னுய்யா!" என்று சிரித்தாள் வெள்ளையம்மா. "இவ்ளோ பெரிய ஆளு, ஊதித் தின்னக்கூடவா வீட்ல சொல்லித் தரல?"

மன்னர் மறுபடி உட்கார்ந்தார். ஊதினார். உண்டார். கண்ணில் நீர் முட்டியது. அது சூட்டினாலா, சந்தோஷத்தினாலா என்று அவருக்கே தெரியவில்லை. இலை காலியாகக் காலியாக இன்னும் கேட்டு வாங்கி உண்டார்.

அதற்குள் மாட்டுவண்டி வந்து சேர்ந்தது. "பிரபு! விஷம் இருந்தால் என்ன ஆகும்!" என்று வல்லபராயர் இறங்கும்போதே கத்தினார்.

"யாரு சோத்துல விஷம்?" வெள்ளையம்மா அகப்பையோடு எழுந்தாள். "ஊரே இந்தப் பானையிலதான் திங்குது!"

"கேட்டுக்கொள்ளுங்கள் பிரதானி" என்றார் மன்னர். "ஊர் உண்ணும் பானையில் உண்கிறவனுக்கு ருசிபார்க்க ஆள் எதற்கு?" பிறகு வெள்ளையம்மாவிடம் திரும்பினார். "வீட்டில் சமைக்காமல் ஏனம்மா கரைமேல் அடுப்பு?"

"வீட்ல உலை வெச்சா கரையை யாரு காக்குறது? வந்து பாருங்கய்யா."

கரையின் அடிவாரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். கரைக்குள்ளிருந்து தொடை பருமனுக்குத் தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. "போன வாரம் வரைக்கும் தெளிவா வந்துச்சு. இப்பக் கலங்கி வருது. கரையைத் தின்னுட்டு வருதுய்யா. எங்க வீட்டுக்காரரு அரண்மனைக்குப் போயிச் சொன்னாரு. ஏரி ஆனந்தமா அழுவுதுன்னு எவனோ சொன்னானாம், அந்த ராஜா அவனுக்கு முத்துமாலை போட்டாராம்! நாங்க இங்க மண்ணு சுமந்து சாகுறோம்."

மன்னர் குனிந்து அந்தக் கலங்கல் நீரைக் கையில் அள்ளிப் பார்த்தார். அந்த வார்த்தை சுடுசோற்றைவிட அதிகமாகச் சுட்டது. தம் புகழ் என்று எண்ணி மாலை போட்ட நீர், ஓர் ஊரை விழுங்க வந்துகொண்டிருக்கிறது. அவமானத்தில் அவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

"வல்லபராயரே, இங்கே வாரும். இதுதானா அந்த ஆனந்தக் கண்ணீர்?"

வல்லபராயர் சேற்றிலேயே காலில் விழுந்தார். "பிரபு, தங்கள் மனம் நோகக் கூடாதென்று..."

"என் மனம் நோகக் கூடாதென்று ஓர் ஊரை மூழ்கடிக்கப் பார்த்தீர். செய்தியும் சோறும் ஒரே வழியாகத்தான் எனக்கு வந்துகொண்டிருந்திருக்கின்றன. இரண்டிலும் சூட்டை எடுத்துவிட்டுக் கொடுத்தீர்கள்."

அப்போதுதான் வெள்ளையம்மாவுக்கு ஆள் யார் என்று புரிந்தது. அகப்பை கையிலிருந்து விழுந்தது. மன்னர் அதை எடுத்து அவளிடமே கொடுத்து, "உலையை இறக்காதே அம்மா, நிறைய ஆள் வரப்போகிறது" என்றார். உடனே தலைநகருக்குக் குதிரை பறந்தது. அலங்கார வளைவு கட்டிக்கொண்டிருந்த அத்தனை ஆட்களும் வளைவுக்கு அடுக்கிய கல்லோடும் சுண்ணாம்போடும் வண்டி கட்டி வந்து இறங்கினார்கள்.

"பிரபு, அப்படியானால் பிறந்தநாள் வளைவு?" என்று ராஜகுரு தயங்கிக் கேட்டார்.

"இங்கேயே கட்டிக்கொள்ளலாம். படுத்த வாக்கில்" என்றார் மன்னர். பிச்சாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். "பிரபு, தாங்கள் இப்படிப் பேச ஆரம்பித்தால் என் பிழைப்பு என்ன ஆவது?"

மன்னர் மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு மண்கூடையைத் தூக்கினார். அவர் தூக்கியபின் வல்லபராயர் சும்மா நிற்க முடியுமா? ராஜகுருவின் தலையிலும் ஒரு கூடை ஏறியது. "குருவே, மறந்துபோன மந்திரங்களைச் சொல்லிக்கொண்டே சுமந்தால் பாரம் தெரியாது" என்றார் பிச்சாண்டி. ஊர் சிரித்த சிரிப்பில் ஏரியில் இருந்த நாரைகள் எழும்பிப் பறந்தன.

மழை காத்திருக்கவில்லை. ஓட்டையை அடைத்துக் கல் அடுக்கி முடித்த கையோடு கொட்டித் தீர்த்தது. தலைநகருக்குத் திரும்பலாம் என்று எத்தனையோ பேர் சொல்லியும் மன்னர் கரையை விட்டு நகரவில்லை. ஏரி விளிம்புவரை ஏறி நின்று முட்டிப் பார்த்தது. கரை அசையவில்லை. மழை விட்ட காலையில், கரையடியில் ஒரு சொட்டுக் கசிவும் இல்லை என்று மாயழகு கீழேயிருந்து கத்தினான். பெண்கள் குலவையிட்டார்கள். முழங்கால் வரை சேற்றோடு நின்ற மன்னர், எந்தப் பிறந்தநாளிலும் இப்படி மகிழ்ந்ததில்லை.

"பிச்சாண்டி, நீ ஜெயித்தாய். நான் கேட்டதைத் தட்டில் வைத்து ஊட்டியே விட்டாய்" என்றார். பிறகு சிறு குழந்தையின் ஆசையோடு கேட்டார்: "இப்போது சொல். நான் நல்ல அரசன்தானே?"

"பண்டிதர்களைக் கேட்டோம், பிரதானியைக் கேட்டோம். சோறு போட்டவளைக் கேட்க வேண்டாமா பிரபு?"

மன்னர் வெள்ளையம்மாவைப் பார்த்தார். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். ராஜா என்று தெரிந்தபின்னும் அவளுக்குப் பொய் வரவில்லை.

"இந்த ஒரு மழைக்கு எப்படிங்க சாமி சொல்றது? அடுத்த மழைக்கு முன்னாடியும் வாங்க. அதுக்கு அடுத்த மழைக்கும் வாங்க. விடாம வந்தீங்கன்னா எங்க பேரப்பிள்ளைங்க சொல்லும்."

வல்லபராயர் நடுங்கிப்போனார். மன்னரோ, ஏரிக்கரை அதிரும்படி சிரித்தார். சிரித்துக்கொண்டே தம் கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றிப் பிச்சாண்டிக்குப் போட்டார். செங்கமலத்தின் பெயரில் கீழைநல்லூரில் நன்செய் எழுதச் சொன்னார். குறை சொல்ல வருகிற எவரும் இனி ஒரு கலயம் சுடுசோற்றோடு அரண்மனைக்கு வரலாம், அது ஆறுவதற்குள் அரசர் முன் நிறுத்தியாக வேண்டும், ஆறிப்போனால் ஆற வைத்தவர் கூடை சுமக்க வேண்டும் என்று அங்கேயே பறை அறையச் செய்தார்.

"இன்னொன்று" என்றார். "விகடகவியின் நாக்குக்குப் போட்ட கட்டு இன்றோடு அவிழ்ந்தது. எந்த அரச காரியத்தையும் இவர் எங்கேயும் எப்போதும் பேசலாம். எங்கே பிச்சாண்டி, உன் முதல் அரச காரியத்தைப் பேசு, கேட்போம்."

பிச்சாண்டி ஏரியைப் பார்த்தார். அதற்கு அப்பால், மழை மேகம் நகர்ந்துகொண்டிருந்த திசையைப் பார்த்தார்.

"பிரபு, இந்த நாட்டில் இன்னும் நிறைய ஏரிகள் இருக்கின்றன. தங்கள் புகழைக் கேட்டு அவற்றில் எத்தனை அழுதுகொண்டிருக்கின்றனவோ!"

மன்னர் மறுபடி வாய்விட்டுச் சிரித்தார். சேற்றுக் காலைக்கூடக் கழுவாமல் குதிரைமேல் ஏறி, அடுத்த ஏரிக்கு வழி கேட்டார்.